கறுவாவுக்குக் குளிர்காலம் எதற்கு?
வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசனைத் திரவியக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமாருக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கையருக்கும்,

காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையின் இரு பக்கமும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை ஒட்டியும் வாசனைத் திரவியம் விற்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். கறுவா, ஏலம், கராம்பு, வனிலா, சாம்பிராணி என்று இனிப்பும் காரமும் கலந்து மணக்கும் போத்தலை ஒருவர் கையில் எடுத்ததும், ‘அது குளிர் நாட்டுக்கு நல்லது, எங்கட வெக்கைக்குச் சரிவராது’ என்று சொல்லி, எலுமிச்சையும் கடற்காற்றும் மணக்கும் நீலப் போத்தலை முன்னே தள்ளும் வழக்கத்தைக் கைவிடுங்கள். நல்லெண்ணத்தோடுதான் அப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது போத்தலோடு சேர்ந்து கப்பலேறி வந்த விதி. நான்கு பருவம் உள்ள நாடுகளில் பிறந்து, அந்த நாடுகளின் விளம்பரங்களில் வளர்ந்து, இங்கே யாரும் சோதித்துப் பார்க்காமலே சட்டமாகிவிட்டது. இனிப்புக் கார வாசனைகளில் நம் வெக்கைக்கு ஒவ்வாதவை உண்டு. மிக நன்றாகப் பொருந்துபவையும் உண்டு. அவற்றைப் பிரிக்கும் கோட்டைப் பருவத்தில் தேடக் கூடாது. எந்தக் காரம், எந்த இனிப்பு, எவ்வளவு, உடம்பில் எங்கே என்பவற்றில்தான் தேட வேண்டும்.

முதலில் காலநிலையைப் பார்ப்போம். பாரிஸில் ஜனவரிச் சராசரி வெப்பம் 5 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். ஜூலையில் 20 பாகையைத் தொடும். பதினைந்து பாகை ஏறி இறங்கும் ஊரில் உடுப்பு மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, வாசனையும் மாறுகிறது. கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 பாகையை ஒட்டியது. இங்கே மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெக்கையான மாதத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு பாகைதான். நமக்கு மாறுவதெல்லாம் வெயிலும் மழையும், தென்மேல் காற்றும் வடகீழ் காற்றும். காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் விட்டுப்போவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு போத்தலைக் குளிர்காலத்துக்கு எடுத்து வை என்று சொன்னால், ஒருநாளும் பூசாதே என்று சொன்னதாகவே ஆகும். அதிலும் ஒதுக்கி வைக்கச் சொல்வது எதை? இந்தத் தீவின் மரப்பட்டையிலும் மொட்டிலும் விதையிலும் விளையும் வாசனையை.

ஐரோப்பியருக்குக் கறுவாவும் கராம்பும் குளிர்காலமாகத் தோன்றுவதற்குப் பெரிய காரணம் அவர்களுடைய நத்தார். டிசம்பர்ப் பனியில் இஞ்சி பிஸ்கற்றும், மசாலா போட்டுச் சூடாக்கிய வைனும் மணத்த வீடுகள் அந்த மூக்குகளைப் பழக்கின. அது அவர்களுடைய நினைவு. மூலக்கூறின் குணம் இல்லை. கொட்டாஞ்சேனையில் நத்தாருக்கு லவ் கேக் சுடும்போது ஏலமும் சாதிக்காயும் பன்னீரும் சேர்ந்து எழும் மணம் மின்விசிறி சுழலும் வீட்டில்தான் எழுகிறது. பெருநாளுக்கு வரும் வட்டலப்பத்தில் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் சேரும் மணமும் வியர்வை காயாத நாளில்தான் வருகிறது. கொழும்பில் வளர்ந்த மூக்குக்கு இனிப்புக் காரம் வெப்பத்தோடு சேர்ந்த மணம். அந்த மூக்கிடம் போய் இது பனிக்காலத்துச் சாமான் என்று ஏன் சொல்ல வேண்டும்?

உணவு வேறு, உடம்பில் பூசுவது வேறு என்று நீங்கள் சொல்லலாம். சரி, உடம்புக்கே வருவோம். ஏப்பிரல் முற்பகுதியில் சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேரே வருகிறது. அந்த மாதத்தின் நடுவில் சித்திரைப் புத்தாண்டு. அன்று தலையில் வைத்து நீராட நம் கோயில்கள் மருத்துநீர் காய்ச்சிக் கொடுக்கின்றன. அதில் சேர வேண்டியவற்றை நம் பஞ்சாங்கங்கள் ஆண்டுதோறும் அச்சிடுகின்றன: தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, வில்வம், அறுகு, பால், கோரோசனை, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு. இதை ஒரு வாசனை வல்லுநரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். தாழம்பூவின் தேன் போன்ற இனிப்பு மேலே. துளசியும் அறுகும் பச்சையாக நடுவே. அவற்றின் ஊடே சுக்கும் மிளகும் திப்பிலியும் காரம் ஏற்றுகின்றன. அடியில் பாலும் மஞ்சளும் தணிக்கின்றன. ஆண்டின் மிகக் கடும் வெக்கையில், உச்சந்தலையில் வைப்பதற்கென்றே கூட்டிய இனிப்புக் கார வாசனை இது. அதன் நோக்கம் சடங்கும் மருந்தும் என்பது உண்மைதான். ஆனாலும் வெக்கைக்குக் காரம் ஆகாது என்று அதைக் கூட்டியவர்கள் நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னும் பழைய சான்றும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், புகார் நகரத்து இந்திர விழா முடியும் தறுவாயில், மாதவி கூந்தல் நீராடுகிறாள். பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் அது. உரைகாரர் அடியார்க்கு நல்லார் ஓமாலிகைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். இலவங்கமும் ஏலமும் நன்னாரியும் கத்தூரியும் புழுகும் அந்த வரிசையில் உண்டு. நீராடிய கூந்தலைப் புகையில் உலர்த்தி, அதன் பிறகு கத்தூரிக் குழம்பும் ஊட்டுகிறாள். இந்திர விழா சித்திரை மாதத்து விழா. புகார் கடலோரத் துறைமுகம். வெக்கையும் உப்புக்காற்றும் நம்முடைய வெள்ளவத்தைக் கரையை ஒத்த ஊர்தான். காவியத்தில் வருவதெல்லாம் அன்றாட வழக்கம் ஆகிவிடாது என்பதை ஏற்கிறேன். என்றாலும் அந்தக் காதையைக் கேட்ட மக்களுக்கு இலவங்கமும் கத்தூரியும் சித்திரையில் பூசுவது விசித்திரமாகப் பட்டிருந்தால், அழகின் உச்சத்தைக் காட்ட வந்த இடத்தில் கவிஞர் அவற்றை வைத்திருக்க மாட்டார்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். அதுவும் நம் இலக்கியத்திலிருந்தே எழும். நெடுநல்வாடை கூதிர்காலத்தைச் சொல்லும்போது சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. மக்கள் அகிலோடு வெள்ளயிரைப் புகைத்துக் குளிர் காய்கிறார்கள். வெள்ளயிரைக் கண்டசர்க்கரை என்று கொள்வதுண்டு. ஆக, இனிப்புப் புகை குளிருக்கு, சந்தனம் வெயிலுக்கு என்று தமிழரே பிரித்து வைத்தார்கள் அல்லவா? வட இந்தியாவிலும் அப்படித்தான். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் செம்புப் பானையில் அத்தர் வடிப்பவர்கள் வெட்டிவேர், தாழம்பூ, மழை மண் அத்தர்களைக் கோடைக்கும், மசாலா பல சேர்ந்த ஹினா, ஷமாமா அத்தர்களைக் குளிருக்கும் என்று விற்கிறார்கள். இந்தப் பிரிவினையை நான் மறுக்கவில்லை. கன்னோஜில் கோடை 40 பாகையைத் தாண்டும். குளிர்கால இரவு 10 பாகைக்குக் கீழே போகும். அவர்களுக்குப் பிரிக்கக் காரணம் இருக்கிறது. நெடுநல்வாடையில் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே ஒதுக்கப்பட்டது தோலில் ஈரமாகப் பூசும் குழம்பு. கையில் எடுக்கப்பட்டது கனலில் இடும் புகை. ஈரத்துக்கும் நெருப்புக்கும் இடையிலான தேர்வு அது. உங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் தெளிப்பான், தோலில் விழுந்ததும் ஆவியாகிக் குளிர்விக்கும் மதுசாரம். அது சந்தனக் குழம்பின் பக்கம் நிற்கும் பொருள். அதில் கறுவா கரைந்திருக்கிறது என்பதற்காக அதைப் புகையின் பக்கம் தள்ளிவிட முடியாது.

குளிர்ச்சி என்று மக்கள் நினைப்பதில் பெரும் பங்கு இந்த மதுசாரத்தினுடையது. நம் வீடுகளில் காய்ச்சல்காரர் நெற்றியில் ஓடிக்கொலோன் நனைத்த கைக்குட்டை போட்டார்களே, அது தணித்தது மதுசாரம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு பறந்ததால். எலுமிச்சை மணம் கூட வந்த தோழன் மட்டுமே. 1709 இல் ஓடிக்கொலோனுக்குப் பெயர்பெற்ற ஃபரீனா இல்லம் கொலோன் நகரில் கடை தொடங்கிய நாளிலிருந்து, எலுமிச்சை, தோடை இனமான சித்திரசம் தந்த மணத்துக்கும் மதுசாரம் தந்த குளிர்ச்சிக்கும் முடிச்சுப் போட்டு விட்டோம். ‘ஃப்ரெஷ்’ வாசனைகளின் உண்மைப் பலவீனத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். தோடை, எலுமிச்சை, பெர்கமொட் எண்ணெய்களின் மூலக்கூறுகள் சிறியவை. 30 பாகையில், வியர்த்த தோலில், அவை மிக விரைவில் பறந்துவிடும். காலையில் பூசியவர் பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய்ச் சேரும்போது மிஞ்சுவது அடியில் வைத்த செயற்கை மரவாடையும் கஸ்தூரிச் சாயலும்தான். 1988 இல் வந்த ‘கூல் வாட்டர்’ வாசனைக்குப் பிறகு பெருகிய நீலப் போத்தல்களில் அந்த மிச்சம் வெயிலில் உலோகம்போலக் கூர்மையாகிறது என்பது என் கருத்து. மணம் போய்விட்டது என்று வாங்கியவர் திரும்பத் திரும்ப அடிக்கிறார். பக்கத்து ஆசனக்காரரின் தலையிடிக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சுத்திகரிக்காத பெர்கமொட், தேசிக்காய் எண்ணெய்களில் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள்கள் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் அவற்றை நீக்கியோ குறைத்தோதான் பயன்படுத்துகின்றன. வெயிலுக்குச் சித்திரசம் இயல்பாகவே பத்திரமானது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனிக் காரத்துக்கு வருவோம். காரம் என்று ஒரே பெட்டியில் போட்டு வைப்பதால்தான் குழப்பம். ஏலக்காயை நகத்தால் கீறி மூக்கருகே பிடித்துப் பாருங்கள். முதலில் வருவது பச்சையான, ஏறக்குறைய யூக்கலிப்டஸ் போன்ற ஊடுருவும் குளிர்ச்சி. பிறகுதான் மெல்லிய இனிப்பு தலைகாட்டும். அந்தக் குளிர்ச்சிக்குக் காரணமான சினியோல் என்ற பொருள் மென்தோலைப் போலவே நரம்பின் குளிருணர்வு வாயிலைத் தூண்டுகிறது. வெப்பத்தையும் குளிரையும் தொடுகையையும் உணரும் இத்தகைய வாயில்களைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021 இன் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள். கொத்தமல்லி விதை, மிளகு, புதிய இஞ்சி, சாதிக்காய் எல்லாமே ஏலத்தைப் போல எளிதில் பறக்கும் பொருள்கள் நிறைந்தவை. வெக்கையில் விரிந்து எழுந்து, காற்றை அடைக்காமல் கலையும். கறுவாப்பட்டையும் கராம்பும் வேறு சாதி. பட்டையின் சினமால்டிஹைட்டும் கராம்பின் யூஜினோலும் மெதுவாகப் பறந்து, தோலில் சூடாகத் தங்கும். நான் இவற்றை மனத்தளவில் குளிர்காரம், சுடுகாரம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். குளிர்காரம் பகலுக்கு ஆகும். சுடுகாரம் ஆகாது என்று சொல்ல மாட்டேன். அது அளவையும் கூட்டாளியையும் பார்த்தே ஆகும்.

இனிப்பும் ஒன்றல்ல. 1874 இல் ஜெர்மனியில் வனிலினை ஆய்வுகூடத்தில் செய்து காட்டிய பிறகு, வனிலா மணம் மலிந்தது. 1925 இல் வந்த கெர்லெயினின் ஷாலிமார் அதைப் பெர்கமொட்டோடு சேர்த்துப் புகழ்பெற்றது. 1992 இல் மூக்லேயின் ஏஞ்சல், எதில் மால்ட்டோல் என்ற பஞ்சுமிட்டாய் வாடையைப் பச்சோலியோடு கலந்து, சாப்பாட்டு இனிப்பை வாசனையாக்கும் அலையைத் தொடக்கிவைத்தது. இன்று உங்கள் அலுமாரியில் ‘ஸ்வீட்’ என்று நிற்பவற்றில் பாதிக்கு மேல் அந்த அலையின் பிள்ளைகள். எதில் மால்ட்டோல் சிறிதளவிலேயே உரத்து மணக்கும், எளிதில் விலகாது, ஈரக் காற்றில் தொண்டையில் பாகு ஒட்டியது போன்ற உணர்வைத் தரும். வெக்கைக்கு இனிப்பு ஆகாது என்று சொல்பவர்கள் மனதில் வைத்திருப்பது இந்த இனிப்பைத்தான். அதுமட்டில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் சந்தனத்தின் பால் இனிப்பு இருக்கிறது. மல்லிகையின், தாழையின் பூவினிப்பு இருக்கிறது. ரம்பை இலையின் சோற்று இனிப்பு இருக்கிறது. சுமாத்திரா, லாவோஸ் காட்டு மரங்களின் பிசினான சாம்பிராணியில் வனிலின் இயல்பாகவே கலந்திருக்கிறது. குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்கு அந்தப் புகை காட்டிய வீடுகளில் யாரும் அதை வெக்கைக்கு ஆகாத இனிப்பு என்று சொன்னதில்லை. இவை உலர்ந்த இனிப்புகள், காற்றை ஒட்டவைக்காதவை. குளிர்காரமும் உலர்ந்த இனிப்பும் சேர்ந்தால் கொழும்பின் பகலுக்கு எந்தச் சித்திரசத்தையும்விடப் பொருத்தமான வாசனை கிடைக்கும் என்பதே என் கட்சி.

சிறு வாசனை இல்லங்களின் போத்தல்களில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. டிப்டிக் 1968 இல் வெளியிட்ட முதல் வாசனையான ‘லோ’வில் கறுவாவும் கராம்பும் வெளிப்படையாகவே முன்னால் நிற்கின்றன. பதினாறாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்றைத் தழுவியது என்று அதைச் சொல்வார்கள். ஆனால் ரோசாவும் ஜெரேனியமும் இடையில் புகுந்து அந்தச் சூட்டைப் பிரித்துவிடுகின்றன. சீனி கிட்டத்தட்ட இல்லை. சுடுகாரத்தையும் வெக்கையில் அணியலாம் என்பதற்கு இதைத்தான் முதலில் காட்டுவேன். லார்ட்டிஸான் பார்ஃப்யூமர் இல்லத்துக்காக பெர்ட்ராண்ட் டுஷோஃபூர் 2004 இல் செய்த ‘டிம்பக்டு’ மாலி நாட்டுப் பெண்களின் நறும்புகை மரபிலிருந்து பிறந்தது. ஆபிரிக்க வெக்கையில் உருவான மரபு அது. தொடக்கத்தில் மாங்காயும் ஏலமும் மிளகும்: காலிமுகத் திடலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தரும் மாங்காய்த் துண்டை வாயருகே கொண்டுபோகும் கணத்தைப் போன்றது. அது கலைந்ததும் நறும்புகையும் சாம்பிராணியும் வெட்டிவேரும் உலர்ந்து நிற்கும். இனிப்பு உண்டு, ஈரம் இல்லை. வியர்வையோடு இவ்வளவு சமாதானமாகப் போகும் வாசனைகள் குறைவு.

ஹெர்மெஸ் சிறு இல்லம் இல்லை என்றாலும், ஜான்-க்ளோட் எலெனா 2008 இல் கேரளத்து மழையை நினைத்துச் செய்த ‘அன் ஜார்டன் அப்ரே லா முசோன்’ இந்த விவாதத்துக்கு இன்றியமையாதது. ஏலம், இஞ்சி, கொத்தமல்லி, மிளகு எல்லாம் இருந்தும் அதில் கறிவாடை இல்லை. நீர் நிறைந்த வெள்ளரிப்பழத்தின் இனிப்பு நடுவில். முடிவில் நனைந்த வேர். நம் ஐப்பசி மழை விட்ட பின்னேரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. பாரிஸில் வாழும் இந்தியப் பெண்மணி நீலா வெர்மியர் 2011 இல் வெளியிட்ட ‘த்ரயீ’ இன்னும் அடர்த்தி: இஞ்சி, ஏலம், கராம்பு, குங்குமப்பூ, மல்லிகை, சந்தனம், நறும்புகை. கோயில் வாசலில் நிற்பதைப் போன்ற நிறைவு அதில் இருக்கிறது. ஆனால் ஒரு தெளிப்புக்கு மேல் போனால் பகலில் கனக்கும். செர்ஜ் லுட்டன்ஸின் ‘ஃபைவ் ஓ க்ளொக் ஓ ஜின்ஜோம்ப்ர்’ சீனியில் தோய்த்த இஞ்சியும் தேயிலையும் தேனும் கலந்தது. தேயிலைத் தீவில் வாழும் நாம் அதைக் கேட்டுப் பார்க்காமல் இருப்பது நியாயமில்லை. தேன் சற்று அதிகம் என்பதால் மாலைக்குத்தான் அதைத் தருவேன்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ஃப்ரெடெரிக் மாலின் ‘மஸ்க் ரவாஜர்’ கறுவாவும் கராம்பும் வனிலாவும் கஸ்தூரியும் சேர்ந்த அருமையான படைப்பு. நண்பகல் பஸ்ஸில் அது பிறருக்குத் துன்பம். கிலியனின் ‘ஏஞ்சல்ஸ் ஷெயார்’ 2020 இல் வந்தது: கொன்யாக், கறுவா, வறுத்த சீனிப் பருப்பு. அதன் சாயலில், பேரீச்சம்பழ இனிப்பும் சேர்த்து, லத்தாஃபா 2022 இல் கொண்டுவந்த ‘கம்ரா’ எட்டக்கூடிய விலையால் உலகெங்கும் பரவியது. துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் வரும் பயணப் பெட்டிகளில் அதை அடிக்கடி காணலாம். இவை இரண்டையும் பகலில் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவில், மரைன் டிரைவ் பக்கம் காற்று வீசும் நேரத்தில், சேர்ட்டுக்கு உள்ளே நெஞ்சில் ஒரே ஒரு தெளிப்பு என்றால் அழகு. நாலு தெளிப்பு என்றால் எந்த ஊரிலும், எந்தப் பருவத்திலும் தொல்லை.

வளைகுடா மக்கள் 40 பாகை வெயிலில் ஊத் எனும் அகில் வாசனையும் அம்பரும் பூசுகிறார்களே என்று என் பக்கத்துக்குச் சிலர் சாட்சி சொல்லக்கூடும். அதை நான் முழுதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அங்கே வீடும் காரும் கடையும் ஏசியில் இருக்கின்றன. உள்நாட்டுக் காற்று உலர்ந்தது. மஸ்கட்டில் 1983 இல் தொடங்கிய அமுவாஜ் இல்லத்தின் கனத்த வாசனைகள் அந்த வாழ்க்கைக்கு அளவெடுத்தவை. நம் ஆட்கள் ஜன்னல் திறந்த பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் போகிறவர்கள். பலருக்கு வேலையிடத்திலும் மின்விசிறிதான். ஆகவே பாரிஸ் விதியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் துபாய் விதியை வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை.

விலை பற்றிய கேள்வி நியாயமானது. இந்தச் சிறு இல்லங்களின் ஒரு போத்தல் விலையில் இங்கே ஒரு குடும்பம் ஒரு மாதம் சமாளிக்கும். 2022 ஆகஸ்டில் டொலர் இல்லாமல் அரசு 300 க்கு மேற்பட்ட பொருள்களின் இறக்குமதியை நிறுத்தியபோது வாசனைத் திரவியமும் பட்டியலில் இருந்தது. அந்த நாள்கள் யாருக்கும் மறக்கவில்லை. அதனால்தான் முழுப் போத்தலை விற்பதைவிட, 2 மில்லிலீற்றர், 5 மில்லிலீற்றர்க் குப்பிகளில் பிரித்து விற்பதை நான் ஆதரிக்கிறேன். காரமான வாசனையில் ஒரு தெளிப்பு போதும் என்பதால் 5 மில்லிலீற்றர் பல வாரம் வரும்; பறந்துபோகும் சித்திரசத்தில் அது நடக்காது. அத்தரும் நல்ல வழி. சந்தனத்தைத் தளமாகக் கொண்ட ஏலம், வெட்டிவேர், மல்லிகை அத்தர்கள் மதுசாரம் இல்லாதவை. காதின் பின்னால் ஒரு தொடுகை போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: புறக்கோட்டையில் மருந்துச் சரக்குக் கடைகளில் கிடைக்கும் கறுவாப்பட்டை எண்ணெயை, கராம்பெண்ணெயைத் தோலில் நேரே பூசும்படி யாருக்கும் சொல்லிவிடாதீர்கள், தோல் எரிந்துபோகும். சினமால்டிஹைட்டும் யூஜினோலும் ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைப் பொதியின் மேலேயே எழுதச் சொல்கிறது. தோல் மென்மையானவருக்குத் துணியில் தெளிக்கக் காட்டிக் கொடுங்கள்.

கறுவாத்தோட்டம் என்று ஒரு பகுதிக்கே பெயர் வைத்த நகரம் இது. ஒல்லாந்த ஆளுநர் ஃபால்க் காலத்தில், 1765 க்கும் 1785 க்கும் இடையில், மருதானையில்தான் காட்டுக் கறுவாவைத் தோட்டப்பயிராக்கும் முயற்சி தொடங்கியது. இலங்கைக் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. இந்த நாட்டுப் பொருளொன்றுக்கு அவர்கள் கொடுத்த முதல் குறியீடு அது. உலகச் சந்தைக்கு வரும் அசல் கறுவாவில் மிகப் பெரும் பங்கு நம்முடையது. அந்தப் பட்டை சுருளாகவும் எண்ணெயாகவும் காலியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் புறப்பட்டுப் போய், கண்ணாடிப் போத்தலில் பிரெஞ்சுப் பெயரோடு வெள்ளவத்தைக்குத் திரும்பி வருகிறது. அப்படி வந்ததை, ‘இது உங்கட ஊருக்கு ஆகாது’ என்று சொல்லி அந்தக் கறுவா விளைந்த நாட்டுக்காரரிடமே விற்க மறுப்பது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

உங்களால் செய்யக்கூடியது அதிகம். ஏசிக் குளிரில் காகிதக் கீற்றில் தெளித்து நீட்டுவதோடு நிற்க வேண்டாம். கீற்றுக்கு வியர்வையும் இல்லை, உடம்புச் சூடும் இல்லை. வாடிக்கையாளரின் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு தெளிப்புக் கொடுத்து, ‘கடற்கரைப் பக்கம் நடந்துபோட்டு அரை மணித்தியாலத்தில வாங்கோ’ என்று அனுப்புங்கள். கொட்டாஞ்சேனையில் என்றால் கொச்சிக்கடை வரை நடக்கட்டும். வெளியே வியர்த்த பிறகு மணப்பதுதான் அவருடைய வாசனை. அலுமாரியில் ‘சம்மர்’, ‘விண்டர்’ என்று ஒட்டிய சீட்டுகளை எடுத்துவிட்டு, பகல், மழைப் பின்னேரம், இரவு என்று எழுதி ஒட்டுங்கள். ஏலமும் இஞ்சியும் வெட்டிவேரும் முதல் தட்டில் வரட்டும், கறுவாவும் கராம்பும் பூவோடு சேர்ந்தவை இரண்டாவதில், வனிலாவும் அம்பரும் கனத்தவை மூன்றாவதில். பஞ்சுமிட்டாய் இனிப்புக் கேட்டு வரும் பிள்ளையிடம் அதைத் தடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு சந்தன இனிப்பையும் முகரக் கொடுங்கள். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் ஒரு தட்டையாவது இப்படி அடுக்கிப் பாருங்கள். எது விலைப்படுகிறது என்பதை உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்